உடனிருத்தலும் ஓர் அறமே

மாத முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லுதல் பங்குப்பணியில் நெடுநாளைய வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், நாம் பொறுப்பேற்றிருந்த ஒரு கிராமப் பங்கில், அவ்வாறு ஒரு முதல் வெள்ளியன்று பதினொரு வீடுகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஆறாவது வீட்டில், பக்கவாதத்தால் வலப்பக்கத்தின் அசைவையும் பேச்சையும் இழந்த மூதாட்டி ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலை ஒட்டி மண்ணிற நாய் ஒன்று கிடந்தது. சாலையோரத்தில் அடிபட்டுக் கிடந்ததைப் பேரன் தூக்கிவந்து வளர்த்தானாம். அதன் பின்னங்கால் ஒன்று வளைந்திருந்தது. நாம் தயங்கி நின்றதைக் கண்ட மருமகள், "பயப்படாதீங்க சாமி, ஒண்ணும் செய்யாது. அத்தை படுத்த நாளிலிருந்து அந்த இடத்தை விட்டு நகர மாட்டேங்குது" என்றார்.

செபங்களைச் சொன்னோம், நற்கருணை வழங்கினோம், ஆசி அளித்தோம். ஐந்து நிமிடங்களில் அனைத்தும் முறைப்படி நிறைவுற்றன. எழுந்தபோது, மூதாட்டி தம் இடக்கையால் நம் கையைப் பற்றிக்கொண்டார். ஏதோ சொல்ல விழைந்தார், சொல் வரவில்லை. இன்னும் ஐந்து வீடுகள் காத்திருந்தன. அதன்பின் பள்ளியில் ஒரு கூட்டமும் இருந்தது. அடுத்த மாதம் வருவதாகக் கூறி, அந்தக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டோம். வாசலில் செருப்பை அணிந்துகொண்டு திரும்பிப் பார்த்தபோது, அந்தக் கை நாயின் தலைமேல் இருந்தது. அது அசையாமல் கிடந்தது. அடுத்த முதல் வெள்ளி வருமுன்னரே அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார்.

ஆண்டவரையே ஏந்திச் சென்ற நமக்கு அங்கே அமர்ந்திருக்க நேரமில்லை. எதையும் ஏந்திவராத அந்த விலங்குக்கோ அங்கே கிடப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அன்று அந்த மூதாட்டியை உண்மையாகவே சந்தித்தவர் யார்? நோயாளரைச் சந்தித்தல் இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்று என்று மறைக்கல்வியில் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆனால் சந்தித்தல் என்றால் என்ன? இந்த வினா நீண்ட நாள் நம்மை உறுத்திக்கொண்டிருந்தது. அதற்கு விடை தேடுகையில், ஒரு சிறு நாயின் வரலாறு நமக்கு வாசிக்கக் கிடைத்தது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1944-ஆம் ஆண்டு, நியூ கினி தீவின் காட்டில் கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றில் அமெரிக்கப் படைவீரர் ஒருவர் ஒரு பெண் நாயைக் கண்டெடுத்தார். யார்க்ஷயர் டெரியர் என்னும் குட்டை இனத்தைச் சேர்ந்தது அது. உயரம் ஏழு அங்குலம். எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. எதிரிப் படையினரின் நாயாக இருக்கலாமென்று எண்ணி, சிறைப்பட்ட ஜப்பானியர் இருந்த முகாமுக்குக் கொண்டு சென்றனர். அதற்கு ஜப்பானிய மொழியும் புரியவில்லை, ஆங்கிலமும் புரியவில்லை. அது யாருடையது, அந்தக் காட்டுக்குள் எவ்வாறு வந்தது என்பது அங்கிருந்த எவருக்கும் விளங்கவில்லை. பின்னர், சீட்டாட்டத்தைத் தொடரப் பணம் வேண்டியிருந்த ஒருவரிடமிருந்து, வில்லியம் வின் என்னும் இளம் வீரர் இரண்டு ஆஸ்திரேலியப் பவுண்டு கொடுத்து அதை வாங்கினார். ஸ்மோக்கி என்று பெயரிட்டார். அது படையின் பதிவேட்டில் இடம்பெற்ற நாய் அன்று. ஆதலால் அதற்கென உணவோ மருத்துவமோ ஒதுக்கப்படவில்லை. வின் தமக்குக் கிடைத்த உணவைப் பகிர்ந்து கொடுத்தார். தம் கூடாரத்திலேயே அதற்கும் இடமளித்தார்.

அதே ஆண்டு வின் டெங்குக் காய்ச்சலால் படை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நண்பர்கள் அவருக்கு வந்திருந்த கடிதங்களோடு ஸ்மோக்கியையும் கொண்டுவந்தனர். பையாக் தீவில் நடந்த சண்டையில் காயமுற்ற வீரர்கள் அப்போது அங்கே கொண்டுவரப்பட்டுக் கொண்டிருந்தனர். அந்த நாயைக் கண்ட செவிலியர், அதைத் தங்களுடன் எடுத்துச் சென்று மற்ற நோயாளருக்கும் காட்டலாமா என்று கேட்டனர். மருத்துவமனைக்குப் பொறுப்பாயிருந்தவர் புகழ்பெற்ற மேயோ மருத்துவக் குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவர் சார்லஸ் மேயோ. அவர் மறுக்கவில்லை. இரவில் தன் வளர்ப்பாளரின் படுக்கையிலும் பகலில் செவிலியரோடு படுக்கை படுக்கையாகவும் அந்த நாய் இருந்தது. உடல் சிதைந்து, தோழரை இழந்து, தாயகத்தினின்று பல்லாயிரம் கல் தொலைவில் கிடந்த இளைஞர்களுக்கு அது ஆறுதலாயிற்று.

1945-இல் பிலிப்பைன்சின் லிங்காயென் விமானத் தளத்தில், எட்டு அங்குல விட்டமும் ஏறத்தாழ 70 அடி நீளமும் கொண்ட குழாயினுள் தொலைபேசிக் கம்பியை இழுத்துச் சென்று தளம் தோண்டும் வேலையை மிச்சப்படுத்தியதும் இதே நாய்தான். ஆயினும் அதன் பெயர் நிலைத்தது அந்தச் சாகசத்தால் மட்டுமன்று. போருக்குப் பின் வின் அதைத் தம் ஊரான கிளீவ்லாந்துக்குக் கொண்டு சென்றார். அதன்பின்னும் பல ஆண்டுகள் மருத்துவமனைகளிலும் இல்லங்களிலும் அது நோயாளர் நடுவே சென்றுவந்தது. 1957-இல் இறந்தது. ஆங்கிலத்தில் 'தெரபி டாக்' என்று வழங்கப்படும், நோயாளரை ஆற்றுப்படுத்தும் நாய்களுள், வரலாற்றில் பதிவாகியுள்ள முதலாவது நாய் அதுவே என்று பலரும் கருதுகின்றனர். 2005-ஆம் ஆண்டு நவம்பர் 11 அன்று ஒகையோ மாநிலத்தில், படைவீரரின் தலைக்கவசத்தில் அது அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை திறந்துவைக்கப்பட்டது. வின் தம் 99-ஆம் வயதில், 2021-இல் மறைந்தார்.

இந்த வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொட்டது நிகழ்ச்சிகளின் வரிசை. அந்த நாய் நோயாளருக்குப் பயன்படும் என்று எண்ணி எவரும் அதைக் குழியிலிருந்து எடுக்கவில்லை. பயன்படும் என்று எண்ணி எவரும் அதற்கு உணவிடவுமில்லை. முதலில் அடைக்கலம் கிடைத்தது. பயன் பின்னர் வந்தது. இறைவன் நம்மை நடத்தும் முறையும் இதுவே அன்றோ? நம் தகுதியைக் கண்டு அவர் நம்மை அன்பு செய்யவில்லை. அன்பு செய்யப்பட்டதால் நாம் பிறருக்கு ஏதேனும் செய்யத் தகுதி பெறுகிறோம்.

நாய் நோயாளரை ஆற்றுப்படுத்தும் என்பது பழைய அனுபவம். தாதியர் பணிக்கு வழிகாட்டிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், நெடுநாள் படுக்கையில் கிடப்போர்க்குச் சிறு வளர்ப்பு விலங்கு நல்ல துணை என்று 1859-இலேயே எழுதினார். நியூயார்க்கின் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், எவருடனும் ஒட்டாத ஒரு சிறுவன் தற்செயலாக அறையில் இருந்த தம் நாயிடம் நெருங்கியதைக் கண்டார். அந்த நாயின் வழியாகவே அவனுடன் உரையாடவும் தொடங்கினார். அமெரிக்கச் செவிலியர் எலேன் ஸ்மித் இங்கிலாந்தில் பணியாற்றியபோது, நோயாளரைக் காணவந்த ஓர் ஆன்மப் பணியாளர் தம் நாயையும் உடனழைத்து வந்ததையும், அதைக் கண்டவுடன் நோயாளரின் முகம் மலர்ந்ததையும் கவனித்தார். தாயகம் திரும்பியபின் 1976-இல் இத்தகைய நாய்களைப் பழக்கி அனுப்பும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் இவற்றை வரவேற்கின்றன. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கனிவோடு நோக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்க்கும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு இருவரிடத்தும் மிகுகிறது என்று 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

எல்லா நாய்களும் இப்பணிக்கு ஏற்றவை அல்ல. ஊன்றுகோல் கீழே விழுந்தால் அது மிரளக்கூடாது. முன்பின் அறியாதவர் தடவினால் சீறக்கூடாது. தடுப்பூசி, தூய்மை, மருத்துவரின் ஒப்புதல், நோயாளரின் விருப்பம் ஆகிய அனைத்தும் வேண்டும். நாயும் களைப்படையும். அது தொடர்ந்து கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கிக்கொண்டாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, போதும் என்கிறது என்று பொருள். அதை உணர்ந்து வெளியே அழைத்துச் செல்வது உடன்வருபவரின் கடமை. கூட்டத்தை விட்டுத் தனிமையான இடத்துக்குச் சென்று இளைப்பாறுமாறு ஆண்டவர் தம் சீடரை அழைத்தது நினைவுக்கு வருகிறது. பிறரைத் தேற்றுவோர்க்கும் தேற்றம் வேண்டும். நோயாளியை இரவும் பகலும் கவனித்துக்கொள்ளும் மகளிரை, மருமகளிரை, மனைவியரை இவ்விடத்தில் நாம் எண்ணிப் பார்ப்பது நலம்.

அப்படியானால் அந்த நாய் படுக்கையருகே என்னதான் செய்கிறது? உற்றுநோக்கினால், ஒன்றுமே செய்யவில்லை. மருந்து தருவதில்லை, அறிவுரை கூறுவதில்லை, "எல்லாம் சரியாகிவிடும்" என்று பொய் சொல்வதில்லை. நோயின் நாற்றத்துக்கு அது மூக்கைப் பொத்துவதில்லை. கடிகாரத்தை நோக்குவதில்லை. உடனிருக்கிறது, அவ்வளவே.

திருவிவிலியத்தில் நாய்க்கு நற்பெயர் குறைவு. ஆயினும் தோபித்து நூலில் ஒரு நாய் வருகிறது. தோபியா நெடும்பயணம் புறப்படுகையில் வானதூதர் இரபேலோடு அதுவும் உடன் செல்கிறது. வீடு திரும்புகையிலும் அவர்கள் பின்னே வருகிறது. இரபேல் என்னும் பெயருக்கு 'இறைவன் குணமளிக்கிறார்' என்பது பொருள். வழிகாட்டுபவர் வானதூதர், மீனைப் பிடிப்பவர் தோபியா, பார்வை பெறுபவர் தந்தை தோபித்து. அந்த நாய் செய்த செயல் ஒன்றேனும் நூலில் சொல்லப்படவில்லை. உடன் சென்றது, உடன் வந்தது என்பது மட்டுமே அதன் வரலாறு. குணமளிக்கும் இறைவனின் பயணத்தில், வெறுமனே உடன் நடப்பதற்கும் ஓர் இடம் உண்டு என்று அந்நூலாசிரியர் நமக்கு உணர்த்துவதாகக் கொள்ளலாம். லூக்கா நற்செய்தியில் செல்வரின் வாயிலருகே புண்களோடு கிடந்த இலாசரிடம் மனிதர் எவரும் வந்ததாக ஆண்டவர் கூறவில்லை. நாய்கள் வந்தன என்கிறார். ஆரோக்கியநாதர் என நம் மக்கள் போற்றும் புனித ரோக்கு, கொள்ளைநோயால் காட்டில் தனித்துக் கிடந்தபோது அவருக்கு அப்பம் கொணர்ந்தது ஒரு நாயே என்பது மரபு. அவர் சுருபத்தின் காலடியில் இன்றும் அது நிற்கிறது.

நம் தமிழ் மூதாதையரும் இதை அறிந்திருந்தனர். நாலடியார் நட்பை ஆராயும் பகுதியில் யானையையும் நாயையும் ஒப்பிடுகிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடக்கூடும்; தன்மேல் எறியப்பட்ட வேல் உடலிற் பாய்ந்து நிற்கும்போதும் நாய் தன் தலைவனைக் கண்டு வாலை ஆட்டும்; ஆதலால் நாய் போன்றவரின் நட்பே கொள்ளத்தக்கது என்பது அதன் கருத்து. அடிபட்டும் கைவிடப்பட்டும் மீட்கப்பட்ட ஒரு நாய், மீண்டும் மனிதரை நம்பி அவரருகே படுத்துக்கொள்வதைக் காணும்போது இந்தக் கருத்தின் ஆழம் விளங்குகிறது.

இவ்விடத்தில் இரண்டு ஐயங்கள் எழக்கூடும். அவற்றைத் தட்டிக்கழிப்பது முறையன்று.

முதலாவது, விலங்கின்மேல் இத்துணை அன்பு தகுமா? நாய்க்கடிக்கு அஞ்சிப் பிள்ளைகளைத் தெருவில் அனுப்பத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் அச்சம் நியாயமானது. வெறிநாய்க்கடி உயிர்கொல்லும் நோய் என்பதை மறத்தலாகாது. பாதுகாப்பும் பரிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தடுப்பூசி இரண்டுக்கும் பொதுவான தொண்டு. திருச்சபையின் போதனையும் நிறைகோல் போன்றது. நிலைவாழ்வில் நம்மோடு பங்குகொள்ள இயலாத உயிர்களை நண்பர் என்ற பொருளில் இறையன்புக்கு உரியனவாகக் கொள்ள முடியாது என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். ஆயினும் படைத்தவரின் மாட்சியை முன்னிட்டு அவற்றையும் அன்பு செய்யலாம் என்றார். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளுக்குக் கனிவு காட்டுதல் நம் கடமை என்கிறது. தேவையின்றி அவற்றை வதைப்பது மனித மாண்புக்கே முரணானது என்கிறது. அதே வேளை, மனிதத் துயரைத் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும், மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மேல் திருப்புவதும் தகாது என்றும் எச்சரிக்கிறது. ஒவ்வொரு படைப்பும் தன்னளவிலேயே மதிப்புடையது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடல் வழியாக நினைவூட்டினார்.

தன்னளவிலேயே மதிப்பு என்பதைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மீட்கப்பட்ட நாய்களுள் பல, எவ்வளவு அன்பு காட்டினாலும், இறுதிவரை அச்சம் தெளியாமலே வாழ்கின்றன. எந்த மருத்துவமனைக்கும் அவை செல்லப்போவதில்லை. அவற்றுக்கு அளித்த சோறு வீணா? வீண் என்போமாயின், பேச்சும் அசைவும் இழந்த அந்த மூதாட்டிக்கு ஊட்டிய சோற்றை என்னென்போம்? பயனைக் கொண்டு உயிரை அளக்கத் தொடங்கிய கை, நாயோடு நின்றுவிடுவதில்லை. முதியவரையும், மனவளர்ச்சி குன்றிய குழந்தையையும், கருவிலிருக்கும் சிசுவையும் அது அளந்துவிடும். ஸ்மோக்கி புகழ்பெறாமல் வெறும் நாயாகவே இறந்திருந்தாலும், அதைக் குழியிலிருந்து தூக்கிய செயல் நற்செயலே.

இரண்டாவது ஐயம் இன்னும் கூர்மையானது. மனிதர் செய்ய வேண்டியதை நாய் செய்கிறது என்றால், அது நமக்குப் பெருமையா, குற்றச்சாட்டா? பிள்ளைகள் தொலைநாட்டில், பெற்றோர் பூட்டிய வீட்டில், பார்த்துக்கொள்ளக் கூலிக்கு ஓர் ஆள். இந்த நிலையில் நாயையும் ஒன்று வைத்துவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடுமா? தீராது. ஏனெனில் எந்த நாயும் தானாக மருத்துவமனைக்கு வருவதில்லை. ஸ்மோக்கியை நண்பர்கள் சுமந்து வந்தனர். செவிலியர் ஏந்திச் சென்றனர். ஒரு மருத்துவர் மனமுவந்து இடமளித்தார். நாயைக் கட்டிய கயிற்றின் மறுமுனையில் எப்போதும் ஒரு மனிதர் நிற்கிறார். மேலும், நாய்க்கு அது இயல்பு. நமக்கோ அது தேர்வு. ஓடிப்போக வழியிருந்தும் அமர்ந்திருப்பவரின் உடனிருப்பே முழுமையான பொருளில் அன்பு எனப்படும். ஆகவே அந்த நாய் நம் இடத்தை நிரப்பவில்லை. நம் இடம் காலியாயிருப்பதை நமக்குக் காட்டுகிறது.

யோபுவின் நண்பர்களை நினைவுகூர்வோம். அவர்கள் வந்தபோது, அவரோடு தரையில் அமர்ந்து, ஏழு நாள் இரவும் பகலும் ஒரு சொல்லும் பேசாதிருந்தனர். அந்த ஏழு நாட்களில் அவர்கள் நல்ல நண்பர்கள். அதன்பின் வாயைத் திறந்து, துன்பத்துக்குக் காரணம் காட்டத் தொடங்கினர்; அப்போதே துயர்தரும் தேற்றுநர் ஆயினர். நாமும் நோயாளரிடம் அவ்வாறே பேசுகிறோம். "அன்றே அந்த மருத்துவரிடம் போயிருக்கலாம்" என்கிறோம்; "இது இறைவன் தந்த சோதனை" என்கிறோம். அவர் துன்பத்தைத் தாங்க இயலாத நாம், நம்மைத் தேற்றிக்கொள்ளவே பெரும்பாலும் பேசுகிறோம்.

கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் தம் சீடரிடம் கேட்டது என்ன? வாளைக் கேட்கவில்லை, விளக்கத்தையும் கேட்கவில்லை. தம்மோடு விழித்திருக்குமாறு மட்டுமே கேட்டார். அதுவே அவர்களால் இயலாமற் போயிற்று. இம்மானுவேல், அதாவது 'கடவுள் நம்மோடு', என்று பெயர் பெற்றவர், நம்மிடம் திரும்ப வேண்டியதும் உடனிருத்தலையே.

இங்கேதான் நம் பழைய வினாவுக்கு விடை கிடைத்தது. அன்று நாம் ஏந்திச் சென்ற நற்கருணை உடனிருத்தலின் அருளடையாளம். நம்மோடு தங்கவே அப்பமானவரை நாம் கொண்டு சென்றோம், அவரை வழங்கினோம், ஆனால் அவரைப்போல் தங்கவில்லை. அருளடையாளம் குறைவற்றது, நாமே குறைவுற்றோம். அந்த மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்போதெல்லாம் அந்த இடக்கை நினைவில் வருகிறது.

அதன்பின் முதல் வெள்ளிச் சந்திப்பை இரண்டு நாட்களாகப் பிரித்துக்கொண்டோம். ஒவ்வொரு வீட்டிலும் செபம் முடிந்தபின் ஒரு முக்காலியைக் கேட்டு வாங்கி அமர்கிறோம். தொடக்கத்தில் அது எளிதாயிருக்கவில்லை. என்ன பேசுவதென்று தெரியாத அந்த மௌனம் கனத்தது. எழுந்துவிடக் கால் பரபரத்தது. மெல்ல மெல்லப் பழகினோம். கை நீண்டால் பற்றிக்கொள்கிறோம். அவர்களாக விடும்வரை விடுவதில்லை. சிலர் பேசுகிறார்கள், சிலர் அழுகிறார்கள், சிலர் உறங்கிவிடுகிறார்கள். உறங்கியவரின் அருகே அமர்ந்திருப்பதும் இறைவேண்டலே என்பதைக் காலந்தாழ்த்திக் கற்றோம்.

அன்பர்களே, உங்கள் அன்பியத்தில், உங்கள் தெருவில், ஒருவேளை உங்கள் வீட்டின் உள்ளறையிலேயே, படுக்கையில் ஒருவர் இருக்கக்கூடும். பழமும் மாவுச்சத்துப் பானமும் வாங்கிச் செல்லுங்கள், தவறில்லை. ஆனால் கைபேசியை வெளியே வைத்துவிட்டு, கால் மணி நேரம் அமருங்கள். விடைகளைக் கொண்டு செல்லாதீர்கள். பற்றுவதற்கு ஒரு கையைக் கொண்டு செல்லுங்கள்.

வாசலில் காலொடிந்த நாய் ஒன்று படுத்திருந்தால், அதை விரட்டவும் வேண்டா. உங்களுக்கு முன்னரே வந்து அமர்ந்திருப்பது அதுவாக இருக்கலாம்.